அச்சுக்குத் திரும்பும் புள்ளிகள்

அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் ஓவியங்களுக்குக் கண்காட்சி நூல் செய்வது சுலபம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கறுப்புக் கோடு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. அவ்வளவுதான் அவருடைய வண்ணப்பெட்டி. ரெம்பிராண்டின் இருட்டுக்குள் பதுங்கியிருக்கும் பழுப்புகளை அச்சில் பிடிக்கப் பாடுபட்டவர்களுக்கு இது விடுமுறை வேலை போலத் தெரியும். போதாக்குறைக்கு, அவர் வரைந்ததே அச்சடித்த காமிக்ஸ் கட்டங்களையும் விளம்பரங்களையும் பார்த்துத்தான். அச்சிலிருந்து வந்தது மறுபடி அச்சுக்குப் போகிறது. இதில் என்ன கஷ்டம்?

கஷ்டமே அதுதான். இயந்திரம் ஒரு நொடியில் தாளில் குத்திவிட்டுப் போகும் புள்ளிகளை ஒரு மனிதர் ஆளுயரத் துணியில் கையால் இட்டார். அந்தத் துணியைப் புகைப்படம் எடுத்து, சுருக்கி, மறுபடி இயந்திரத்தில் ஓட்டினால் கை காணாமல் போய்விடும். பெரிதாக்கிய காமிக்ஸ் கட்டம் ஒன்றுதான் மிஞ்சும். நூல் எவ்வளவு நன்றாக அச்சாகிறதோ அவ்வளவுக்கு ஓவியம் வெறும் அச்சுப்படமாகத் தெரியும். வேறெந்த ஓவியருக்கு நூல் செய்தபோதும் இப்படியொரு முரணை நான் சந்தித்ததில்லை. அருங்காட்சியகம் ஒன்று அவருடைய ஓவியங்களுக்கான நூலை என்னிடம் ஒப்படைத்தபோது, பக்க அளவு முதல் பைண்டிங் வரை எல்லா முடிவுகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடுத்தேன்: இந்தப் பக்கத்தில் கை தெரிகிறதா?

முதலில் புள்ளியைப் புரிந்துகொள்ள வேண்டும். சிவகாசியில் அச்சான ஒரு காலண்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முருகனின் கன்னம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளின் புள்ளிக் கூட்டமாகக் கலையும். இருண்ட இடத்தில் புள்ளி பெரிது, வெளிச்சத்தில் சிறிது. இது ஹாஃப்டோன், புகைப்படத்திலிருந்து பிறப்பது. லிக்டன்ஸ்டைன் எடுத்துக்கொண்டது வேறு இனம். ‘நியூயார்க் சன்’ நாளிதழை நிறுவியவரின் மகனான பெஞ்சமின் டே 1879இல் உருவாக்கிய முறை அது. ‘பென்-டே’ புள்ளிகள் என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஒரு பரப்பில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அமெரிக்க காமிக்ஸ்களில் சியான், மெஜந்தா, மஞ்சள் ஒவ்வொன்றையும் முழுதாகவோ, பாதியாகவோ, காலாகவோ இடலாம், இடாமலும் விடலாம். நான்கை மூன்று முறை பெருக்கினால் 64. அந்த 64 நிறங்களுக்குள்தான் சூப்பர்மேனின் அங்கியும் காதலியின் கண்ணீரும் அடங்கின.

1961இல் லிக்டன்ஸ்டைன் வரைந்த ‘லுக் மிக்கி’ ஓவியத்தில் மிக்கியின் முகத்திலும் டொனால்டின் கண்களிலும் மட்டும் புள்ளிகள் உண்டு. நாய்க்கு முடி வாரும் பிரஷை எண்ணெய் வண்ணத்தில் தோய்த்து ஒற்றிய புள்ளிகள் அவை. பிறகு துளையிட்ட உலோகத் தகட்டுக்கு மாறினார். தகட்டைத் துணிமேல் வைத்து, துளைகள் வழியே வண்ணத்தைப் பிரஷால் தேய்ப்பார். தகட்டை நகர்த்தி அடுத்த பகுதிக்குப் போவார். 1963 வாக்கில் உதவியாளர்களும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள். புள்ளிக்கு எண்ணெய் வண்ணம். கறுப்புக் கோட்டுக்கும் சமதளமான நிறத்துக்கும் பெரும்பாலும் ‘மேக்னா’; லெனார்ட் போகூரும் சாம் கோல்டனும் உருவாக்கிய, டர்பன்டைனில் கரையும் அக்ரிலிக் வண்ணம். பிடிக்காத கோட்டை டர்பன்டைனால் சுவடின்றித் துடைத்துவிடலாம். தடயத்தை அழிக்க இவ்வளவு மெனக்கெட்டவர்தான். ஆனாலும் தடயம் இருக்கிறது. தகடு நகர்ந்த இடத்தில் ஒரு வரிசை கொஞ்சம் நெருங்கியிருக்கும். ஒரு புள்ளியில் வண்ணம் தடித்து நிற்கும், பக்கத்துப் புள்ளியில் மெலிந்திருக்கும். கறுப்புக் கோட்டின் ஓரத்தில் பென்சில் எட்டிப் பார்க்கும். சுவர்முன் நின்று பார்க்கிறவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் இதெல்லாம். நூலில் தெரிய வைப்பதுதான் பாடு.

பாப் ஆர்ட் நூல்களுக்கு வேறொரு மரபும் உண்டு; நூலே பாப் பொருளாகிவிடும் மரபு. 1968இல் ஸ்டாக்ஹோமின் மாடர்னா முசீட் அருங்காட்சியகம் ஆன்டி வார்ஹோலுக்கு வெளியிட்ட கேட்லாக் அதன் உச்சம். செய்தித்தாள் போன்ற மலிவுத் தாள், தடித்த புத்தகம், அட்டை முழுக்கப் பளீரென்ற பூக்கள், உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப. வார்ஹோலின் வேலையை விளக்காமல் அதையே செய்து காட்டிவிட்டது அந்த நூல். அடுத்த ஆண்டு கொலோனில், லுட்விக் சேகரிப்பின் அறுபதுகளின் கலைக்காக வோல்ஃப் ஃபோஸ்டெல் வடிவமைத்த நூல் இன்னொரு துருவம். பழுப்புத் தாள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஏடுகள், முதுகில் திருகாணி. கையில் எடுத்தால் நூலா கருவியா என்று சந்தேகம் வரும்.

இரண்டையும் நான் வணங்குகிறேன். ஆனால் லிக்டன்ஸ்டைனுக்கு அந்த வழி பொருந்தாது என்பது என் கட்சி. வார்ஹோல் தன் கையை இயந்திரத்திடம் கொடுத்தவர். பட்டுத்துணி அச்சில் அவரே அச்சுக்காரர் ஆகிவிட்டார். ஆகவே மலிவுத் தாளில் அவரை அச்சிடுவது அவர் போன திசையிலேயே ஓர் அடி கூடப் போவது. லிக்டன்ஸ்டைன் எதிர்த்திசைக்காரர். இயந்திரத்தின் வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டவர். அவரைச் செய்தித்தாள் தாளில் பெரிய புள்ளிகளோடு அச்சிட்டால் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அவர் கிளம்பிய இடத்திலேயே அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்திருப்போம்.

முதல் முடிவு அளவு பற்றியது. கண்காட்சி நூல்களில் ஓவியங்கள் பக்கத்துக்குத் தக்கபடி நீண்டு குறுகும். உள்ளங்கை அகல ஓவியமும் சுவர் அகல ஓவியமும் ஒரே பெட்டியில் வந்து உட்காரும். கீழே சிறிய எழுத்தில் சென்டிமீட்டர் கணக்கு இருக்கும், யாரும் படிப்பதில்லை. இந்த நூலில் எல்லா ஓவியமும் அசலில் பத்தில் ஒரு பங்கு என்று விதி வைத்தேன். பக்க அகலம் 24 சென்டிமீட்டர். 121.9க்கு 175.3 சென்டிமீட்டர் அளவுள்ள ‘லுக் மிக்கி’ பக்கத்தில் 17 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில் நிற்கும். 1963இல் வரைந்த ‘ட்ரவுனிங் கேர்ள்’ 171.6க்கு 169.5, ஏறக்குறைய சதுரம். ‘வாம்!’ உயரத்தில் அதற்கு இணை, 172.7, அகலம் மட்டும் 406.4. எல்லாவற்றையும் ஒரே அடிக்கோட்டில் உட்கார வைத்தபோது ஒரு விஷயம் தானாகப் பேசியது. நீரில் மூழ்கும் அந்தப் பெண்ணின் ஓவியம் சராசரி ஆள் உயரம். ‘வாம்!’ ஓவியமும் அதே உயரம். ஆனால் அதைத் தழுவ வேண்டுமென்றால் இரண்டு பேர் கை கோத்தாலும் போதாது.

விதியை மீறியது நியூயார்க்கின் ஈக்விடபிள் கட்டிடத்துக்காக 1986இல் அவர் வரைந்த சுவரோவியம். 68 அடி உயரம். பத்தில் ஒரு பங்கென்றால் நூல் இரண்டு மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதைக் கட்டிடத்தின் புகைப்படமாக, கீழே நடந்துபோகும் மனிதர்களோடு வைத்தோம்.

‘வாம்!’ ஓவியத்தை இரண்டு பக்கங்களில் போடுவதை எந்த வடிவமைப்பாளரும் விரும்புவார். நடு மடிப்பு ஓவியத்தை விழுங்கிவிடும் என்ற பயம்தான் தடுக்கும். ஆனால் இந்த ஓவியம் பிறப்பிலேயே இரட்டை. இடப்பக்கத் துணியில் போர்விமானம், வலப்பக்கத் துணியில் வெடித்துச் சிதறும் எதிரி விமானம். இரண்டு துணிகளும் சந்திக்கும் கோடு நடுவில் இருக்கிறது. அந்தக் கோட்டை நூலின் மடிப்பில் சரியாக வைத்தால், மடிப்பு ஓவியத்தை வெட்டாது. ஓவியத்தின் உண்மையொன்றைச் சொல்லும். ஏவுகணையின் தடம் மட்டுமே எல்லை தாண்டும், சுவரில் தாண்டுவது போலவே.

அதற்குப் பைண்டிங் ஒத்துழைக்க வேண்டும். பசை மட்டும் தடவிய முதுகு சில மில்லிமீட்டரை விழுங்கும்; தைத்த நூல்தான் விரியும். தைத்தால் மட்டும் போதாது. ஒரு தாளை மடித்துக் கிடைக்கும் 16 பக்கப் பாரத்தில் எட்டும் ஒன்பதும்தான் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சாகும். அடுத்த பாரத்தில் 24, 25. அதற்கடுத்து 40, 41. மற்ற இரட்டைப் பக்கங்களில் இடமும் வலமும் தாளின் வெவ்வேறு மூலைகளிலோ வெவ்வேறு பாரங்களிலோ அச்சாகி, மடிப்பில்தான் வந்து சந்திக்கும். மை ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் வானத்தின் நீலம் மடிப்பில் உடைந்துபோகும். ஆகவே முதலில் ‘வாம்!’ பாரத்தின் நடுவில் உட்கார்ந்தது. கட்டுரைகள் அதற்கேற்பக் குறைந்தும் நீண்டும் கொடுத்தன. நூலுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பேரங்கள்தான் நடக்கும். கட்டுரையாளரிடம் அரைப்பக்கம் வெட்டச் சொல்லும்போது காரணம் இலக்கியமல்ல, தாளின் மடிப்பு என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுப்பார்கள்.

லண்டன் டேட் அருங்காட்சியகம் 1966இல் வாங்கிய ஓவியம் ‘வாம்!’. அதற்காக அவர் பென்சிலால் போட்ட ஓவியமும் அங்கேயே இருக்கிறது. சுமார் 15 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம். அதை அசல் அளவிலேயே போட்டோம். சின்னக் கையோவியத்தை எபிடயாஸ்கோப் போன்ற ஒரு கருவியால் துணிமீது பெரிதாக வீழ்த்தி, பென்சிலால் தடம் எடுத்து, பிறகு கோடுகளைத் திருத்துவது அவர் முறை. ஓவியத்தைத் தலைகீழாகத் திருப்பியும் கண்ணாடியில் காட்டியும் சரிபார்ப்பார். கையகலப் பென்சில் கோட்டுக்கும் நான்கு மீட்டர் ஓவியத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்று யோசிக்க அந்தப் பக்கம் வாசகரை நிறுத்தும்.

காமிக்ஸ் மூலங்களை எப்படிக் காட்டுவது என்பதில்தான் அளவு விதி சதி செய்தது. ‘ட்ரவுனிங் கேர்ள்’ ஓவியத்தின் மூலம் 1962 நவம்பரில் டி.சி. நிறுவனம் வெளியிட்ட ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ 83ஆம் இதழில் ஒரு கதையின் முகப்புப் பக்கம். வரைந்தவர் டோனி அப்ருஸ்ஸோ. அலைகளுக்குப் பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு காதலன் இருக்கிறான். லிக்டன்ஸ்டைன் அவனை வெட்டி எறிந்தார். வசனத்தில் தசைப்பிடிப்பை நீக்கினார், காதலனின் பெயரை மாற்றினார். அலையை ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயை நினைவூட்டும்படி வளைத்தார். இதையெல்லாம் காட்ட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் காமிக்ஸ் பக்கத்தின் அகலம் சுமார் 17 சென்டிமீட்டர். ஓவியத்தின் பத்தில் ஒரு பங்கும் 17 சென்டிமீட்டர்! அசலை அசல் அளவிலும் ஓவியத்தைச் சுருக்கியும் போட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல வந்து நிற்கின்றன. ‘பார்த்து அப்படியே வரைந்துவிட்டார்’ என்ற பழைய குற்றச்சாட்டுக்கு நூலின் அளவே பொய்ச்சாட்சி சொல்லிவிடும். இந்தச் சண்டை புகைப்படங்களைப் பார்த்தே பெரும்பாலும் நடந்துவந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் மூலங்களைத் தனியே பிரித்தேன். மெல்லிய, பூச்சில்லாத தாளில் ஒரு பாரம். அதில் காமிக்ஸ் பக்கங்கள் முழுதாக, ஓரம் மஞ்சளித்தபடி, அசல் அளவில். வெறும் கட்டத்தை மட்டும் வெட்டியெடுக்கவில்லை. கட்டம் கதைக்குள்ளிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். ஓவியங்கள் வேறு தாளில், வேறு பாரத்தில். இரண்டையும் ஒப்பிட வாசகர் பக்கங்களைப் புரட்ட வேண்டும், விரல் தாளின் மாற்றத்தை உணர வேண்டும். இளம் வயதில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லிக்டன்ஸ்டைனுக்கு ஆசிரியராக இருந்தவர் ஹாய்ட் ஷெர்மன். இருட்டறையில் ஒரு படத்தைக் கண நேரம் திரையில் பளிச்சிட்டு, மறைந்த பிறகு நினைவிலிருந்து வரையச் சொல்வார். பக்கம் புரட்டும் அந்த ஒரு நொடியில் வாசகருக்கும் அந்தப் பயிற்சி கொஞ்சம் கிடைக்கும் என்பது என் ஆசை.

இனி மொய்ரே. அச்சகத்தில் இந்தப் பெயரைக் கேட்டால் மெஷின்காரர் முகம் சுளிப்பார். இரண்டு ஒழுங்கான புள்ளி வலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது கோலம் ஒன்று அலையலையாக எழும். கொசுவலையை இரண்டாக மடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரண அச்சில் இதைத் தவிர்க்கத்தான் கறுப்பை 45 டிகிரியிலும், மெஜந்தாவை 75இலும், சியானை 15இலும், மஞ்சளை 0விலும் திருப்பி வைப்பார்கள். ஆனால் இங்கே ஐந்தாவதாக ஒரு வலை ஓவியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை நம் விருப்பப்படி திருப்ப முடியாது. அசல் அளவில் புள்ளிகள் பெரிதாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியதும் ஓவியத்தின் புள்ளியும் அச்சின் புள்ளியும் ஒன்றையொன்று நெருங்கும். அங்குலத்துக்கு 150 வரிசை அச்சுத் திரையில் ஒரு கட்டம் சுமார் 0.17 மில்லிமீட்டர். ஓவியத்தின் புள்ளி வரிசை அந்த அளவின் பக்கத்தில் வந்துவிட்டால், பெண்ணின் கன்னத்தில் ஓவியர் கனவிலும் நினைக்காத பூக்கோலம் பூக்கும். கம்ப்யூட்டர் திரையில் படத்தைச் சுருக்கும்போதும் இதே கூத்துதான்; அங்கே வலை பிக்ஸல்களால் ஆனது.

இதற்குச் சிலர் சொல்லும் மருந்து படத்தைக் கொஞ்சம் மங்கலாக்குவது. மங்கலாக்கினால் கோலம் மறையும், கூடவே புள்ளியும் மறைந்து வெறும் இளஞ்சிவப்பு மிஞ்சும். சிவப்புப் புள்ளியும் வெள்ளை இடைவெளியும் கலந்து கண்ணில் தோலாகத் தெரிய வேண்டும், நெருங்கினால் பிரிய வேண்டும். அந்த ஊசலாட்டத்தை எடுத்துவிட்டால் லிக்டன்ஸ்டைன் எங்கே?

இரண்டாவது மருந்து இன்னும் கவர்ச்சியானது. புகைப்படத்தையே விட்டுவிட்டு, ஓவியத்தைக் கணினியில் கோடு கோடாக, புள்ளி புள்ளியாகத் திரும்ப வரைந்து, ஒவ்வொரு நிறத்தையும் தனி மையாக முழு அடர்த்தியில் அச்சிடுவது. அச்சுத் திரையே தேவையில்லை, மொய்ரேவுக்கு வழியே இல்லை. சோதனைக்கு ஒரு பக்கம் செய்து பார்த்தோம். கண்ணைப் பறித்தது. சிவப்பு சிவப்பாக, கோடு கத்தி போல. மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு அதுதான் பிடித்தது. க்யூரேட்டர் மட்டும் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு மறுப்பாகத் தலையாட்டினார். எல்லாப் புள்ளியும் வட்டமாக இருந்தது. தகடு நகர்ந்த தடம் இல்லை, தடித்த வண்ணம் இல்லை, பென்சில் இல்லை. பாப் ஆர்ட் போலவே இருந்தது, அவருடைய ஓவியம் போல இல்லை. அவர் சொல்லும் முன்பே எனக்கும் அது உறுத்தியிருந்தது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அவர் படத்தை நாங்கள் வரைந்தது; அதைக் கண்காட்சி நூலில் அவர் பெயரில் போட முடியாது.

கடைசியில் ஒழுங்கான வலையைக் கைவிட்டு, சிதறல் திரைக்குப் போனோம். இதில் மைப்புள்ளிகளுக்கு வரிசையும் கோணமும் கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள் மணலைத் தூவியது போல விழும். வலை இல்லையென்றால் மோதலும் இல்லை. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. சமதளமான பெரிய பரப்புகளில் துகள்கள் சொரசொரப்பாகத் தெரியக்கூடும்; மை கொஞ்சம் பரவினாலும் நிறம் கனத்துவிடும்; தகடு செய்வதிலும் மெஷின் ஓட்டுவதிலும் துளி அலட்சியம் கூடாது. லிக்டன்ஸ்டைனிடம் சமதளப் பரப்புகள்தான் அதிகம். அதனால் நான்கு மைகளோடு தனிச் சிவப்பும் தனி நீலமும் சேர்த்தோம். அவருடைய ஆழ்ந்த நீலம் சியானும் மெஜந்தாவும் கலந்தால் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். தனி நீலம் அதை இழுத்துப் பிடிக்கும். அந்தத் தனி மைகள் புகைப்படத்துக்குத் துணையாக மட்டுமே வந்தன. புள்ளியின் ஓரத்தைத் தீர்மானிக்கும் உரிமை புகைப்படத்துக்கே.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. காமிக்ஸ் தாள் அழுக்கு மஞ்சள். லிக்டன்ஸ்டைனின் வெள்ளை அப்படியல்ல. பூசி வழித்த துணியின் தெளிவான வெள்ளை. மலிவான ஒன்றை எடுத்து அதைத் துலக்கிச் சுவருக்குக் கொண்டுபோனதில் பாதி வேலை அந்த வெள்ளை செய்கிறது. ஆர்ட் பேப்பர்களில் பலவற்றுக்கு வெண்மை கூட்ட ரசாயனம் சேர்ப்பார்கள். அது நீலச்சாயலில் ஒளிரும், மஞ்சளைப் பச்சையாக்கும். நாங்கள் தேடியது அந்த ஒளிர்வு குறைந்த, மினுக்கில்லாத, பூச்சுத் தாள். மெய்ப்பு பார்ப்பதிலும் வெளிச்சத்தை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அச்சுத்தொழிலில் 5000 கெல்வின் விளக்கின்கீழ் நிறம் பார்ப்பார்கள். கண்காட்சிக் கூட விளக்குகள் பெரும்பாலும் 3000 பக்கம், மஞ்சளாக இருக்கும். ஓவியத்தைக் கூடத்தில் பார்த்தவரும் மெய்ப்பை அச்சகத்தில் பார்த்தவரும் நாள் முழுக்க வாதாடினாலும் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். ஓவியமும் மெய்ப்பும் ஒரே விளக்கின்கீழ் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலொழிய ஒரு மையையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை என்று முடிவாயிற்று.

பத்தில் ஒரு பங்கு ஓவியத்தின் உடலைக் காட்டும், தோலைக் காட்டாது. அதற்காகச் சில பக்கங்களை அசல் அளவுக்கு ஒதுக்கினோம். ஓவியத்தின் ஒரு துண்டு, ஒன்றுக்கு ஒன்று, பக்கத்தின் நாலு ஓரமும் நிறைய. பொதுவாக ஓவியரின் உரிமைதாரர்கள் படத்தை வெட்டுவதையும் அதன்மேல் எழுத்து ஏற்றுவதையும் அனுமதிப்பதில்லை; துண்டு என்றால் துண்டு என்று குறிப்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக விளக்கி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. புகைப்படக்காரரிடமும் ஒரு மாற்றம் கேட்டேன். ஓவியங்களுக்கு வழக்கமாக இருபுறமும் 45 டிகிரியில் சமமாக விளக்கு வைப்பார்கள். பரப்பில் நிழலே விழாது. இந்தத் துண்டுகளுக்கு மட்டும் ஒரு பக்கத்திலிருந்து சாய்வான வெளிச்சம். புள்ளிகளின் விளிம்பில் வண்ணம் கரைகட்டி நிற்பது அப்போதுதான் தெரிந்தது. துணியின் பின்னல் புள்ளிக்குள் தெரிந்தது. அச்சுப்புள்ளிக்கு உயரம் கிடையாது. இந்தப் புள்ளிக்கு உண்டு. நூல் முழுவதிலும் நான் சொல்ல வேண்டியதை ஒரே பக்கம் சொல்லிவிட்டது.

விதிகள் தலைகீழாகும் இடமும் இருந்தது. 1963இல் லியோ காஸ்டெல்லி கேலரியில் நடந்த கண்காட்சிக்கு அழைப்பாக அஞ்சலில் அனுப்ப அவர் செய்த ‘க்ரையிங் கேர்ள்’ ஆஃப்செட்டில் அச்சானது. அங்கே மேடுபள்ளத்தைத் தேடக் கூடாது. அது பிறப்பிலேயே அச்சு. அதைச் சாய்வு வெளிச்சத்தில் எடுத்து ஓவியம்போலக் காட்டுவது எதிர்த்திசைப் பொய். ஆகவே அச்சுப் படைப்புகள் பூச்சில்லாத தாளுக்குப் போயின, தாளின் ஓரமும் மடிப்பும் தெரிய.

கடைசிக் காலத்துச் சீன பாணி நிலக்காட்சிகள் என்னை அதிகம் சோதித்தன. 1990களின் நடுவில் வரைந்தவை. மலையும் மூடுபனியும் முழுக்கப் புள்ளிகளால் ஆனவை. அளவு படிப்படியாகப் பெருகியும் சிறுத்தும் போகும் புள்ளிகள். ஒரே அளவு என்ற பழைய சட்டத்தை அவரே தளர்த்திவிட்டார். புள்ளி ஹாஃப்டோன் பக்கம் நகர்ந்துவிட்டது. சுருக்கினால் பனி இருக்கும் இடத்தில் புள்ளியே இல்லாமல் போகும். அவற்றுக்கு மட்டும் மடித்து விரிக்கும் பக்கங்கள் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஐந்தில் ஒரு பங்காக்கினோம். விதியை மீறியதைப் படக்குறிப்பில் சொன்னோம். 1964இல் ‘லைஃப்’ இதழ் இவரை அமெரிக்காவின் மிக மோசமான ஓவியரா என்று தலைப்பிட்டுக் கேட்டது. அந்தக் கேள்வியின் முன்னால் இந்த மூடுபனியை வைத்துப் பார்த்தால், ஒரு மனிதர் ஒரு சின்னப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது புரியும்.

எழுத்துருவில் சபலம் அதிகம். எல்லாரும் எதிர்பார்ப்பது காமிக்ஸ் எழுத்து, பேச்சுக் குமிழி, அட்டையில் பெரிய புள்ளி. விற்பனைப் பிரிவுக்கு அழும் பெண் வேண்டும். ஓவியத்துக்குள் இருக்கும் எழுத்துகள் வரையப்பட்டவை. அவற்றின் பக்கத்தில் நம் தலைப்பும் அதே வேஷம் போட்டால் எது ஓவியம், எது அலங்காரம் என்று தெரியாது. 1908இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வடிவமைத்த ‘நியூஸ் காதிக்’ எழுத்துருவை எடுத்தேன். அமெரிக்க அச்சின் அன்றாட எழுத்து, சத்தம் போடாது. அட்டைக்கு அசல் அளவுத் துண்டொன்று, மேலே ஒரு சொல்லும் இல்லாமல். ஓவியர் பெயர் முதுகில். கடையில் நூல் முகம் காட்டிக் கிடந்தால் பெயர் தெரியாது என்று ஆட்சேபம் வந்தது. புள்ளியைப் பார்த்தால் பெயர் தெரியும் என்று பதில் சொன்னேன். இந்த ஒரு ஓவியரிடம் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும்.

கடைசியாகப் படக்குறிப்புகள். அருங்காட்சியக வழக்கப்படி ஓவியர், தலைப்பு, ஆண்டு, வண்ணம், அளவு, எங்கே இருக்கிறது என்று எழுதினால் போதும். நான் இன்னொரு வரி கேட்டேன்: மூலத்தை வரைந்தவர் பெயர், அதே எழுத்துரு, அதே அளவு. ‘ட்ரவுனிங் கேர்ள்’ ஓவியத்துக்கு டோனி அப்ருஸ்ஸோ, எழுத்து ஐரா ஷ்னாப். ‘வாம்!’ ஓவியத்துக்கு ‘ஆல் அமெரிக்கன் மென் ஆஃப் வார்’ 89ஆம் இதழில் கட்டத்தை வரைந்த இர்வ் நோவிக். லிக்டன்ஸ்டைனைச் சிறுமைப்படுத்துவதாகுமோ என்று தயக்கம் எழுந்தது. என் வாதம் நேர் எதிரானது. கையை மறைக்காமல் காட்டுவதற்கென்றே தாளையும் மையையும் வெளிச்சத்தையும் இவ்வளவு அலசியிருக்கிறோம். அந்த நியாயம் அவர் கையோடு நின்றுவிடக் கூடாது. ஒரு பெண் முகத்தை மை தொட்டு வரைந்தவர், வசனம் எழுதியவர், பிளேட்டுக்காக நிறம் பிரித்த, பெயர் போடப்படாத தொழிலாளர்கள், பிறகு அதைத் துணியில் புள்ளி புள்ளியாக ஏற்றிய ஓவியர், தகடு பிடித்த உதவியாளர்கள். இவர்களெல்லாம் வரிசையாக வந்து சேர்ந்ததுதான் அந்தப் படம். பெயர் தெரிந்தவர்களின் பெயரை எழுதாமல் கைவேலையைப் பற்றி நூல் போடுவதில் அர்த்தமில்லை. அந்த வரி நூலில் இருக்கிறது. எங்கள் பெயர்களும் மெஷின் ஓட்டியவர் பெயரும் அச்சு விவரப் பக்கத்தில் இருக்கின்றன.